இரண்டாவது பொட்டலம்

"ரெண்டுலயும் வெள்ளையே வெச்சு மடிச்சுப்போடுங்க. எதை எடுத்தாலும் வெள்ளைதான் வரோணும்" என்று டைரக்டர் மதன்குமார் உதவியாளரிடம் சொன்னது காதில் விழுந்ததும் சென்னியம்மாள் சட்டென்று நின்றாள். கையிலிருந்த காப்பித் தட்டைப் பியானோவின் மேலேயே வைத்துவிட்டாள். தம்பி உயிரோடிருந்தால் வீடு ரெண்டுபட்டிருக்கும்.

அந்தத் தம்பி தம்பிதுரையின் கதையைத்தான் அவன் வாழ்ந்த வீட்டிலேயே படமெடுக்கிறார்கள். அன்னூர்ப் பக்கம் பருத்திக்காட்டுக்காரர் குடும்பத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் பியானோ பழகி, எஸ்டேட் துரைமார் வாய்பிளக்க வாசித்தவன். கிறுக்கன் என்று ஊர் சொன்னதும் பொய்யில்லை. சித்திரை வெயிலிலும் கம்பளிச் சட்டை. கேட்க வருகிறவர்கள் கைக்கடிகாரத்தை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பூக் கேட்காமல் கச்சேரிக்குக் கிளம்ப மாட்டான். கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் சாமியிடம் பூக் கேட்கிற சீமைதான். பியானோ வாசிக்கக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. மாரியம்மன் படத்தின் முன்னால் போட்டு ஒன்றை எடுப்பான். வெள்ளை வந்தால் வாசிப்பான். சிவப்பு வந்தால் கலெக்டரே காத்திருந்தாலும் இழுத்துப் போர்த்திப் படுத்துக்கொள்வான். பொட்டலம் மடிப்பது அக்காவின் வேலை.

கடைசிக் கச்சேரிக்கு முன்னால் மூன்று முறை தொடர்ந்து சிவப்பு வந்தது. இந்தத் தடவையும் வராவிட்டால் இனிமேல் கூப்பிட மாட்டோம் என்று கச்சேரி நடத்துகிற சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். அன்று காலை தம்பி இடது கையை நீவிக்கொண்டே, "விரலெல்லாம் மரத்தாப்புல இருக்குதக்கா. அம்மன் என்ன சொல்றாளோ பாப்போம்" என்றான். அவள் இரண்டிலும் வெள்ளரளியை வைத்தாள். பாதி வாசிப்பில் இடது கை நின்றது. பிறகு எழவேயில்லை. "அம்மன் சொல்லித்தானே போனேன்" என்று சாகும்வரை பதினோரு வருஷம் புலம்பினான். ஒருநாள்கூட அக்காவைச் சந்தேகப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்க, மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். "ஏனுங்க, ஒண்ணுல சிவப்பு வெக்கோணுமுங்களே?"

"சிவப்பு வந்துட்டா மறுக்கா எடுக்கோணுமுங்கம்மா. பிலிம் வீணாப் போயிருமுங்க" என்றார் மதன்குமார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நடிக்கற கிருபாசங்கருக்குத் தெரிய வேண்டாமுங்க. எடுக்கறப்போ அந்தாளுக்கு நெசமாலுமே பயம் வரோணும்" என்றார்.

அவ்வளவுதானா என்று அவளுக்கு மூச்சு வந்தது.

விளக்குகள் எரிந்தன. தம்பியாக நடிக்கும் கிருபாசங்கர் கம்பளிச் சட்டையில் வேர்த்து வழிய அம்மன் படத்தின் முன்னால் உட்கார்ந்தான். ஒரு பொட்டலத்தை எடுத்தான். பிரித்தான். வெள்ளை. கும்பிட்டுவிட்டு எழுந்து போகவேண்டியதுதான் காட்சி.

அவன் எழவில்லை. கை மற்றப் பொட்டலத்தின் பக்கம் போனது.

சமையற்கட்டு வாசலில் நின்றிருந்த சென்னியம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி ஒருநாளும் மற்றதைத் தொட்டதில்லை. அம்மன் சொன்னபிறகு சோதித்துப் பார்ப்பது பாவம் என்பான். வேண்டாங்கண்ணு என்று கத்த வாயெடுத்தவள், காமிரா ஓடுவதைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கிய மதன்குமார், என்ன நினைத்தாரோ, அப்படியே நின்றுவிட்டார்.

காகிதம் பிரிந்தது. வெள்ளரளி தரையில் விழுந்தது.

கிருபாசங்கர் இரண்டு பூக்களையும் மாறி மாறிப் பார்த்தான். நடிப்பா நிஜமா என்று யாருக்கும் புரியவில்லை. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, அவள் நின்றிருந்த சமையற்கட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

"மடிச்சது நீதானேக்கா?"

ஓடிக்கொண்டிருந்த காமிராவைக் காமிராக்காரர் மெல்ல அவள் பக்கம் திருப்பினார்.