தண்ணீரில் கழுவிய நார்

1

இந்தக் கதை என் அக்காவின் கோபத்தில் பிறந்தது. ஆய்வுக்கூடத்தில் மரச்சீவல்களை ஃபார்மிக் அமிலத்தில்* வேகவைத்து, நாரையும் நார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னினையும் தனித்தனியே பிரிப்பது அவள் வேலை. "அந்த ஆளோட நான் பேச மாட்டேன். நடந்ததை நீ எழுதி அவர் கையில குடு" என்றாள். அந்த ஆள், என் அத்தான்.

எழுதினேன்: 'பிரிவு என்பது மரத்துக்கும் வலிக்கும்...'

"மரத்தைப் பத்தி எழுதச் சொன்னா ஒப்பாரி வைக்கிற. அடிடா அதை."

அடித்தேன்.

* எறும்பு கடித்தால் எரிகிறதே, அதே அமிலம்.

2

நடந்தது இவ்வளவுதான். நாளைக்குக் காகித ஆலைக்காரர்கள் வருகிறார்கள். நார் வெளுப்பாக இருந்தால் அக்காவின் ஆய்வு தொடரும். இல்லாவிட்டால் அவர்கள் கொடுத்த வேகவைக்கும் கலனைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இருந்த சீவலெல்லாம் வெந்தாகிவிட்டது. காலையிலிருந்து நின்ற அக்கா நாற்காலியில் கண்ணயர்ந்தாள். அதே கூடத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் அத்தான், ஒத்தாசையாக இருக்கட்டுமென்று நாரைக் கழுவி வைத்தார். தண்ணீரில்.

முதலில் சூடான புது அமிலத்தில்தான் கழுவ வேண்டும். தண்ணீர் பட்டால், கரைந்துபோன லிக்னின் திரும்பி வந்து நார்மேலேயே படிந்துவிடும். படிந்துவிட்டது. பழுப்போ பழுப்பு.

3

அத்தானை வில்லனாக்கப் பார்த்தேன். 'அவர் வேண்டுமென்றே குழாயைத்...'

மனுஷன் அந்த வாக்கியத்துக்குள் வரவே மாட்டேன் என்கிறார். "மச்சான், என்னை என்ன வேணா எழுதிக்க. அவ என்கூட பேசுற மாதிரி ஒரு வரி மட்டும் போட்டுடு" என்கிறார். பாவமாகவும் இருக்கிறது, பற்றிக்கொண்டும் வருகிறது. ஆளாளுக்குக் கதையில் கை வைத்தால் நான் எதற்கு?

4

முடிவு அ: மறுபடி வேகவைக்கிறார்கள். நார் பஞ்சு மாதிரி...

"சீவல் தீர்ந்துபோச்சுன்னு நீதானேடா எழுதின?"

முடிவு ஆ: அக்கா மன்னிக்கிறாள்.

"நான் எப்போ மன்னிச்சேன்? எதுல கழுவணும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? பக்கத்துலதானே தூங்கினேன்!"

"எழுப்ப மனசு வரலை" என்றார் அத்தான், கதவோரம் நின்றபடி.

(இந்த வரி என்னுடையதல்ல. நான் எழுதியிருந்தால் அக்கா உடனே அடிக்கச் சொல்லியிருப்பாள். சொல்லவில்லை.)

5

இனி என்னால் ஆகாது. ஒரு குடுவை அமிலம் மிச்சமிருக்கிறது. சூடாக்கிக் கழுவினால் படிந்ததில் கொஞ்சமாவது திரும்பக் கரையுமாம். அது போதுமா என்பது அக்காவுக்கே தெரியாது. நாரைப் பிடிக்க ஒருவர், ஊற்ற ஒருவர் வேண்டும். அக்கா கையுறை மாட்டிக்கொண்டாள். இன்னொரு ஜோடி மேசைமேல் கிடக்கிறது. அவள் இன்னும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவர்களைப் பேசவிடுவதோ விடாததோ உங்கள் பாடு. புண்ணியமாகப் போகும், அந்தத் தண்ணீர்க் குழாயை மட்டும் திறந்துவிடாதீர்கள்.