சாட்சியில் சொல்லாத நாள்

“அடுத்த வாரம் கண்டிப்பா தைச்சுக் கொடுத்துருவா. ஆமாங்க, நான்தான் சொல்றேனே” என்று அவர் போனை வைத்தபோது, மனைவியின் அக்கா வெந்நீர்க் கிண்ணத்தோடு கதவோரம் நின்றிருந்தாள்.

“எந்த வாரம், தம்பி?”

முன்னறையில் தையல் மெஷினைச் சுற்றி, வெட்டி வைத்த துணிகள் பைபையாகக் கிடந்தன. படுக்கையில் விழுந்ததிலிருந்து மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள், அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி. அவர் ஒரு பையைக்கூட நகர்த்தவில்லை. கொடுத்துவிட்டால், அவள் இனி எழுந்திருக்கமாட்டாள் என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் நம்பிக்கையை விடும் அந்த நிமிஷத்தில்தான் அவள் உயிர் போகும் என்று ஒரு பயம் உள்ளே உட்கார்ந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

“டாக்டர் எதுக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னார்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்” என்றாள் அக்கா. “அவளுக்கு உங்ககிட்ட என்னவோ சொல்லணுமாம். வாயைத் திறந்தாலே நீங்க ஜெபம் பண்ண ஆரம்பிச்சிடுறீங்களாம்.”

“கர்த்தர் அவளை மூணு தடவை எழுப்பிவிட்டாரு, அக்கா. இப்ப மட்டும் விட்டுடுவாரா?”

அக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அந்த மூன்று தடவையையும் அவர் சபையில் சாட்சியாகச் சொல்லியிருக்கிறார். கல்யாணமான வருஷம் வந்த விஷக்காய்ச்சல். அவள் போன பஸ் கவிழ்ந்தது. வயிற்றில் முதலில் வந்த கட்டி. உன்னைவிட்டு விலகமாட்டேன், கைவிடமாட்டேன் என்று கடவுள் கொடுத்த வாக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கட்டிலோரம் முழங்கால் போட்டார். ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்தாள். பள்ளி வேன் ஓட்டுகிறவர்; நாலு பேர் முன்னால் பேச வராது. ஆனால் இந்தச் சாட்சி மட்டும் தடங்கலில்லாமல் வரும். எந்த இடத்தில் நிறுத்தினால் ‘ஆமென்’ எழும் என்பதுகூட அவருக்குத் தெரியும்.

உள்ளே போனார். திரையின் இடுக்கு வழியாக மத்தியான வெயில் போர்வைமேல் விழுந்திருந்தது. அவள் விழித்திருந்தாள்.

“முழங்கால் போடாதீங்க. உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

“அந்தத் துணியெல்லாம்...”

“அதை நீயே எந்திரிச்சு வந்து...”

“என்னங்க, கட்டிக்கிட்ட நாள்லேருந்து என்னை ஒரு பேச்சு முழுசா பேச விட்டதில்ல. இன்னிக்காவது விடுங்களேன்.” சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. அடங்கக் காத்திருந்து சொன்னாள்: “மூணு தடவைன்னு சொல்றீங்களே. நடுவுல ஒண்ணை விட்டுட்டீங்க.”

அவருக்குப் புரிந்தது. புரியாதவர்போலப் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தார்.

“பாப்பா” என்றாள்.

வருஷக்கணக்காக அந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல். பிறந்து சில நாளே இருந்த குழந்தை. அதற்காகவும் அவர் இதே வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் முழங்கால் போட்டார்.

“அன்னிக்கு அவர் எங்க போயிருந்தார்?”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று. அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிப் படிக்கட்டு. கையில் துணியில் சுற்றிய, கனமே இல்லாத ஒன்று. கல்லறையிலிருந்து எப்படி வீடு வந்தார், மறுவாரம் எப்படி வேனை எடுத்தார், பிள்ளைகள் கத்திக்கொண்டு ஏறியபோது ஏன் உடைந்துபோகவில்லை, எதுவும் தெரியாது. பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனதுபோல் இருந்தது. அதை அவர் சாட்சியாகச் சொன்னதில்லை. சொன்னால் யாரும் ஆமென் சொல்லமாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

“கூடத்தான் இருந்தார்” என்றார். குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

“அவ்வளவுதாங்க அவர் சொன்னதும். மத்ததெல்லாம் நாமளா சேர்த்துக்கிட்டது.” மூச்சு வாங்கினாள். “எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் மண்டையில ஏறல உங்களுக்கு. எனக்கும்தான். நேத்து ராத்திரி ரொம்ப பயந்துட்டேன்.”

“என்னை எழுப்பியிருக்கலாம்ல?”

“எழுப்பினா ஜெபம் பண்ணுவீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் முகம் நனைந்திருந்தது. ஒரு கையை அவள் தலைக்கடியில் கொடுத்து, பக்கத்தில் சாய்ந்துகொண்டார்.

“சொல்லு. கேக்கறேன்.”

அவள் சொன்னாள். எந்தப் பை யாருடையது. நீலத்துணிக்காரியிடம் தான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்ல வேண்டும். தனக்கு எந்தச் சேலை கட்ட வேண்டும். அக்கா திட்டினால் எதிர்த்துப் பேசாமல் சாப்பிட வேண்டும். “பாப்பா பக்கத்துல இடமிருக்கான்னு கேளுங்க.” ஒவ்வொன்றுக்கும் அவர் “ம்” என்றார். அவள் பேச்சு நின்றது. மூச்சு மட்டும் வந்தது, விட்டு விட்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டது. ஒரு மூச்சுக்குப் பிறகு அவர் காத்திருந்தார். வெயில் போர்வையை விட்டுத் தரைக்கு இறங்கியது. இன்னும் காத்திருந்தார். அடுத்த மூச்சு வரவில்லை. தான் நம்பிக்கையை விட்டதால் அது அறுந்ததாக அவருக்குத் தோன்றவில்லை.

அக்கா வந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்கால ஜெபத்துக்கு வந்த போதகர் படியேறும்போதே, “எப்படி இருக்காங்க சகோதரி? இன்னிக்குக் கண்டிப்பா ஒரு அற்புதம்...” என்று தொடங்கியவர், அறை வாசலில் நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல உள்ளே வந்தார். “என்ன சொல்லி ஜெபிக்கட்டும்?” என்று கேட்டார்.

“உக்காருங்கய்யா” என்றார் அவர். “கொஞ்ச நேரம் சும்மா கூட இருப்போம்.”

போதகர் தரையில் உட்கார்ந்தார். அவள் தலைக்கடியில் இருந்த கை எப்போதோ மரத்துப்போயிருந்தது. இப்போது முழங்கையிலிருந்து விரல்வரை எறும்பு ஊர்வதுபோல் உணர்வு திரும்பிக்கொண்டிருந்தது. அவர் கையை அசைக்கவில்லை.