தசரதன் வீட்டு ஜெனரேட்டர்

இந்தப் பக்கத்தில் கல்யாணமோ சாவோ, கரண்ட் போய்விட்டால் முதலில் கூப்பிடுவது என் வீட்டுக்காரரைத்தான். ‘தசரதன் ஜெனரேட்டர்ஸ்’ என்று படப்பையில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஹாலில் ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். வாசலில் அவருடைய ஜெனரேட்டரே ஓடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. இந்தக் கொடுமையை நான் எங்கே போய்ச் சொல்ல?

முந்தின நாள் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. எங்களுக்கு ஒரே மகள், தீபா. மஸ்கட்டில் இருக்கிறாள். டிக்கெட் எடுத்து வந்து சேர மறுநாள் சாயங்காலம் ஆகிவிடும். “அப்பா முகத்தப் பாக்காம எடுத்துடாதம்மா” என்று போனில் கதறினாள். எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த வாயின் ஈரம்கூடக் காயவில்லை. கத்திரி வெயில் தாங்காமல் காலையிலேயே தெரு டிரான்ஸ்ஃபார்மர் டமாரென்று வெடித்தது. மற்ற மிஷின்கள் எல்லாம், ஓட்டுகிற ஆட்களோடு, மறைமலை நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஓடிக்கொண்டிருந்தன. வீட்டில் இருந்த ஒன்றே ஒன்றைத் தள்ளிக்கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான் என் கொழுந்தன் தயாளன். மனை புரோக்கர். மிஷினைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் தெரியாது என்று மட்டும் சொல்லமாட்டான்.

மிஷின் ஓடியது. டிவியில் ஒரு சீரியல் முடிகிற நேரம் ஓடியது. பிறகு தானாக நின்றது. கொஞ்ச நேரம் விட்டு ஸ்டார்ட் செய்தால் மறுபடி ஓடியது, மறுபடி நின்றது.

“டீசல்ல தண்ணி கலந்துகினு கீது அண்ணி” என்றான் தயாளன். டீசலை மாற்றினார்கள். நின்றது. “லோடு ஜாஸ்தி” என்று சாமியானாவில் இருந்த ஃபேனையெல்லாம் பிடுங்கினார்கள். வந்த ஜனம் வெந்ததுதான் மிச்சம். ஒருத்தர் பக்கெட் பக்கெட்டாக அதன் தலையில் தண்ணீர் ஊற்றினார். இன்னொருத்தர் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். சாவு வீட்டில் என்னய்யா திருஷ்டி?

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல மிஷின். நாலு நாள் முன்புதான் ஆயில் மாற்றினார், நானே பார்த்தேன். பிறகு ஏன் நிற்கிறது? தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தாயாரம்மாள், அவருக்கு அத்தை, என் காதில் வந்து ஓதினாள்: “அவனுக்கே இருக்க இஷ்டம் இல்ல போலகீது. மவ வர வரிக்கும் வேணாம், எடுத்துடுங்கன்னு சொல்றான்.”

“வாய மூடு அத்தை. பெத்த பொண்ண பாக்க வேணாம்னு எந்த அப்பனாச்சும் சொல்லுவானா?” என்று கத்திவிட்டேன். கத்திய பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை சொல்வாரோ?

எங்கேயாவது மிஷின் நின்றால் பார்ட்டி என் நம்பருக்குத்தான் போன் செய்யும். நான் அவருக்குப் போடுவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான். அதனால் கை தானாகவே போனை எடுத்தது. ரிங் போனது. எடுத்தார்கள்.

“ஏங்க, மிஷின் நின்னு நின்னு போவுதுங்க. எங்க கீறீங்க? சீக்கிரம் வாங்க” என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு மெதுவாக, “அண்ணி... நான் தயாளன். அண்ணன் போனு எங்கையிலதான் கீது” என்றது. நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் தயாளன் காதில் போனோடு என்னையே பார்த்துக்கொண்டு அழுதான். அவன் ஏன் அழுகிறான் என்று அப்போதுகூட எனக்குப் புரியவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியது. பெட்டியின் கண்ணாடிக்கு உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, அவர் முகமே தெரியவில்லை. நான் வெளிப்பக்கம் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் உள்ளே இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். தெரியும். துடைத்தேன்.

தயாளன் வந்து குனிந்தான். “அண்ணி, ஐஸ்கூட எங்கயும் கிடைக்கல. தீபா ஏர்போர்ட்ல எறங்கி, தாம்பரம் தாண்டி, அந்த முடிச்சூர் ரோட்டு டிராஃபிக்ல வரதுக்குள்ள இது தாங்காது. இப்பவே எடுத்துடலாம்னு பெரியவங்க சொல்றாங்க. இன்னா சொல்ற?”

நான் எழுந்தேன். தாயாரம்மாள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். “பொணத்த வுட்டுட்டு எங்கடி போற? நீ எழுந்துக்கக் கூடாது!”

“என் புருஷன், என் மிஷின். வுடு அத்தை.”

எனக்கு மிஷினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. போன் எடுக்கத் தெரியும், திட்டத் தெரியும். அதை நாலு வார்த்தை திட்டத்தான் போனேன். மனசுக்குள் அவரையும் சேர்த்துத்தான்.

அப்போதுதான் மறுபடி ஸ்டார்ட் செய்திருந்தார்கள். தெருவைப் பார்த்த பக்கத்தில் மிஷினை மூடி ஒரு பெரிய ஃபிளெக்ஸ் பேனர். ‘கண்ணீர் அஞ்சலி’. மாலை போட வருகிறவர்களின் கண்ணில் கருப்பு மிஷின் படவேண்டாம் என்று தயாளனின் சிநேகிதர்கள் அதை நிறுத்தின கையோடு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். தீபா கல்யாணத்தில் எடுத்த அவர் போட்டோ. பட்டுச் சட்டையில் சிரிக்கிறார். அந்த முகம் உப்பியது. அமுங்கியது. மறுபடி உப்பியது. மூச்சு விடுகிறாரே!

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். கிட்டே போய் அந்தக் கன்னத்தில் கை வைத்தேன். நெருப்பு! உள்ளே பெட்டியில் கிடக்கிற மனுஷன் இங்கே கொதிக்கிறார். எது என் புருஷன்?

மண்டபத்தில் மிஷின் போட்டுவிட்டு வரும்போதெல்லாம், “இந்த பேனர் கட்றவனுங்களோட ஒரே பேஜாருடி” என்று சட்டையைக் கழற்றியபடியே திட்டுவார். எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது அந்தச் சூட்டில் நின்றபோது புரிந்தது. மிஷினின் அனல் வெளியே வருகிற வழி இதுதான். அதை அடைத்தால் உள்ளேயே சுற்றிச் சுற்றிக் கொதிக்கும். கொதித்தால் நின்றுவிடும்.

கயிற்றை மிஷினின் இரும்புக் கம்பியோடு சேர்த்து முடிந்திருந்தார்கள். அவிழ்க்கப் பொறுமை இல்லை. கொதிக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு பேனரைப் பிடுங்கினேன். உள்ளங்கை தீய்ந்தது.

“அண்ணி! இன்னா பண்ற? அண்ணன் படத்த கீழ போடாத!”

“உங்க அண்ணன் மூஞ்சிய வச்சே உங்க அண்ணன் மிஷின் மூச்ச அடைச்சிகினு கீறீங்களேடா!”

பேனர் விழுந்தது. அடைபட்ட அனல் குபீரென்று தெருவுக்குப் பாய்ந்தது. எதிரே நாற்காலியில் இருந்தவர்கள் துண்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடினார்கள். நான் திரும்பி வந்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். மிஷின் நிற்கிற நேரம் வந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த நேரமும் போனது. மிஷின் நிற்கவில்லை. எடுத்துவிடலாம் என்று பிறகு யாரும் சொல்லவில்லை.

பொழுது சாய்கிற நேரம் தீபா வந்தாள். செருப்பைக்கூட விடாமல் ஓடிவந்தாள். பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். முகம் அப்படியே இருந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது, கருமம், அந்த நேரத்தில். அவள் அவருடைய கையை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் காது வலி வந்தால் அப்படித்தான் தூங்குவாள். சூடு பார்க்க மிஷின்மேல் கை வைத்து வைத்து, அவர் உள்ளங்கை எப்போதும் கதகதவென்று இருக்கும்.

வைத்தவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். “அப்பா கை சூடாதானேம்மா இருக்கும்? ஏம்மா இப்படி இருக்கு?”

தீய்ந்த என் கையை எடுத்து அவள் காதில் பொத்தினேன். கொப்புளம் உடைந்து வலி உயிர் போனது, எடுக்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“சூடா இருக்கும்மா” என்றாள்.

வாசலில் அவர் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.