புதுசுக் குவியல்

காலையிலிருந்து அது பதினான்காவது உருப்படி. மெரூன் நிற டைட்ஸ். உள்புறத்தை வெளியே புரட்டி, இடுப்புப் பட்டையில் மூக்கை வைத்து இழுத்ததுமே அவளுக்குக் குமட்டியது. யாரோ ஒருத்தியின் பல நாள் வேர்வை. அதை மறைக்க மேலே அடித்த பூவாசம். இரண்டும் சேர்ந்து கெட்டுப்போன பால் மாதிரி ஒரு புளிப்பு. தொடையிடுக்குத் தையலில் சுருண்ட முடி ஒன்று ஒட்டியிருந்தது. டேப்பால் அதை ஒற்றி எடுத்துப் போட்டுவிட்டு, வாயில் ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு, அடுத்த பையைக் கிழித்தாள்.

கடையின் அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத அறை அது. மேலே கண்ணாடியும் விளக்குமாக உடற்பயிற்சி உடைகள் விற்கிறார்கள். அங்கே ஒன்று வாங்கும் விலைக்கு வெளியே ஆறு வாங்கலாம். பிடிக்கவில்லையென்றால் முப்பது நாளைக்குள் திருப்பித் தரலாம், ஏனென்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள் என்பது கடையின் பெருமை. அப்படித் திரும்பி வருவதெல்லாம் இவள் மேஜைக்குத்தான் வரும். நீராவி காட்டி மோந்து பார்ப்பாள். போடாததைப் ‘புதுசு’ என்ற குவியலிலும் போட்டதைக் ‘கழிவு’ என்ற குவியலிலும் எறிவாள். ஒன்பது வருடமாக இதே வேலை. பேக்கிங்காரர்கள் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இந்த வகைத் துணியில் வேர்வை ஒருமுறை குடியேறிவிட்டால் லேசில் கிளம்பாது. அலசிக் காயப்போட்டால் பரம சாதுவாக இருக்கும், சூடு பட்டதும் எழுந்து உட்காரும். அவளை ஏமாற்றிய துணி என்று எதுவுமில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் புது சூப்பர்வைசர் வந்தான். இஸ்திரி கலையாத சட்டை. வாசற்படியோடு நின்றுகொண்டான்.

“அக்கா, கழிவு ரொம்ப அதிகமாப் போகுது. இனிமே கண்ணுக்குத் தெரியற கறை இருந்தா மட்டும் கழிவு. வாசனைக்கு ஸ்ப்ரே அடிச்சு டேக் போட்டுடுங்க.”

“போட்டதுன்னு தெரிஞ்சேவா சார்?”

“உங்களுக்குத் தெரியும். வாங்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

மறுநாளிலிருந்து அவள் ஸ்ப்ரே அடித்தாள். ஒருத்தியின் இடுக்கு வேர்வை இன்னொருத்தியின் இடுப்புக்குப் போவதற்குப் புது டேக் குத்தினாள். வேலை முடிந்து மேலே ஏறி வரும்போது, அந்தப் பளபளப்பான காகிதப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகும் பெண்களை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வீட்டுக்குப் போனதும் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பாள். அப்படியும் சாப்பிட உட்கார்ந்தால் விரல் நுனியில் அந்தப் பூவாசம் இருக்கும்.

வீட்டில் அவளும் தங்கையும்தான். புருஷனோடு ஒத்துவராமல் தங்கை வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை. வந்த புதிதில் கூனிக்கொண்டே நடந்தவள், ஜிம்முக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் தோளை நிமிர்த்தினாள். முட்டிவலிக்குத் தினமும் தைலம் தேய்த்துக்கொண்டு விடாமல் போனாள். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

“அக்கா, உண்மையச் சொல்லு. உங்க கடைத் துணி அவ்வளவு விலைக்கு வொர்த்தா?”

“துணி நல்ல துணிதான். குனிஞ்சா உள்ள இருக்கறது தெரியாது. தையல் உறுத்தாது. அஞ்சு வருஷம் உழைக்கும்,” என்றாள். பிறகு தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அடித்தளத்துச் சங்கதி முழுவதையும் கொட்டினாள். தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாளே தவிர, முகம் சுளிக்கவில்லை.

இன்று மத்தியானம் வந்த பையில் ஒரு கறுப்பு டைட்ஸ். நீராவி காட்டி மூக்கருகே கொண்டுபோனாள். வேர்வைதான். ஆனால் குமட்டல் வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். தைலம். தங்கள் வீட்டுச் சோப்பு. அதற்கும் அடியில், சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் படுத்துக்கிடந்தபோது கழுத்தோரம் அடித்த வாசனை. பையோடு வந்த திருப்பல் சீட்டைப் புரட்டினாள். காரணம் என்ற இடத்தில் ‘அளவு சரியில்லை’ என்றிருந்தது. கீழே இருந்த கைபேசி எண்ணை முழுவதும் படிக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளாகக் குமட்டிக்கொண்டு வந்தவளுக்கு, குமட்டாததுதான் இப்போது பயமாக இருந்தது. துணியைச் சுருட்டி மேஜைக்கடியில் வைத்தாள்.

சாயங்காலம் தங்கை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். இவள் பின்னால் போய் நின்றாள்.

“எத்தன தடவ பண்ணியிருக்கே?”

குழாய் நின்றது. தங்கை திரும்பவில்லை.

“இது மூணாவது.”

“அசிங்கமா இல்ல?”

“ஜிம்முல சாதாத் துணி போட்டுட்டுக் குனிஞ்சேன். பின்னாடி ரெண்டு பேர் சிரிச்சாங்க. அன்னிக்கு இருந்துச்சே, அதவிட அசிங்கமா? இதப் போட்டுட்டுப் போனாதான் என்னை ஒரு ஆளா மதிச்சுப் பேசறாங்க.” கையை உதறினாள். “நீதானே சொன்னே, ஸ்ப்ரே அடிச்சாப் புதுசுன்னு. நான் போட்டுக் கழட்டினதை நீ புதுசுன்னு விக்கறே. இதுல நீ மட்டும் எப்படிக்கா சுத்தம்?”

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தங்கை தைல டப்பாவைத் திறந்தபோது இவள் எழுந்து வெளியே போய் நின்றாள்.

மறுநாள் காலை அந்தக் கறுப்பு டைட்ஸைக் கழிவுக் குவியலில் போட்டாள். அதன்மேல் முந்தின நாள் டேக் குத்திய மெரூனையும் போட்டாள். பிறகு மோந்தவற்றில் போட்டது என்று தெரிந்த ஒவ்வொன்றையும் அங்கேயே போட்டுக்கொண்டு வந்தாள். ஸ்ப்ரே பாட்டிலைத் தொடவில்லை. மத்தியானத்துக்குள் குவியல் இடுப்பளவு உயர்ந்துவிட்டது. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சூப்பர்வைசர் வந்து வாசற்படியில் நின்றான்.

“என்னக்கா இது? இதுலெல்லாம் கறை எங்க இருக்கு?”

“கறை இல்ல சார். எல்லாம் போட்டது.”

“அது நமக்குத் தேவையில்லன்னு சொன்னேன்ல? ரிப்போர்ட் எழுத வச்சுடாதீங்க.”

“எழுதுங்க சார்.” கறுப்பை உருவி எடுத்தாள். “இது என் தங்கச்சி போட்டது. அதையும் சேர்த்து எழுதிக்குங்க.”

அவன் அவளையும் துணியையும் மாறிமாறிப் பார்த்தான். அவள் நீராவிக் குழாயைத் திறந்தாள். வெண்புகை துணிக்குள் ஏறி அறை முழுக்கப் பரவியது. சூடாறுவதற்குள் அதை இரண்டு கையிலும் ஏந்தி, மேஜையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“ஒரே ஒரு தடவ மோந்து பாருங்க சார். அப்புறம் புதுசுன்னு நீங்களே சொல்லுங்க. நானே டேக் போடறேன்.”

அவன் உதடுகளை இறுக மூடிக்கொண்டான். அவன் மூச்சை அடக்கியிருப்பது சட்டைப் பொத்தான்களின் இழுப்பில் தெரிந்தது. அவள் கைகளை இறக்கவில்லை. இருவருக்கும் நடுவில் அந்தக் கறுப்புத் துணியிலிருந்து ஆவி மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது.