இடது தோளுக்குப் பின்னால்

ஆர்டிஸைப் புதைத்துவிட்டு வந்த கையோடு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி கொதிக்க ஆரம்பித்துவிட்டது. வட டக்கோடாவில் துக்கம் என்றால் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் தண்ணீராய் ஒரு காப்பியும்தான். ஊர் ஜனம் வரிசையாக வந்து அவளுடைய கணவர் ஹால்வர் பிரெக்கியின் கையைப் பிடித்தது. இரண்டு முறை ஓட்டில் ஜெயித்து மாநில ஆளுநராக இருந்தவர் அவர். இப்போது நார்வேயில் அமெரிக்கத் தூதர். என்ன பதவிக்குப் போனாலும் ஊருக்கு அவர் சாகும்வரை கவர்னர்தான்.

"மனசே சரியில்ல கவர்னர்," என்றார் தொப்பியைக் கையில் பிடித்திருந்த ஒரு கிழவர். நன்றாகத் தெரிந்த முகம். பெயர்தான் வரவில்லை.

ஹால்வருக்குப் பெயர்கள் என்றைக்குமே மனதில் நின்றதில்லை. வேடிக்கை என்னவென்றால், "நம்ம பிரெக்கி ஒரு தடவை பார்த்தா மறக்கவே மாட்டாரு" என்று சொல்லிச் சொல்லித்தான் ஊர் அவருக்கு ஓட்டுப் போட்டது. கை குலுக்கும் வரிசைகளில் ஆர்டிஸ் அவருடைய இடது தோளுக்குப் பின்னால் நிற்பாள். சிரிப்பு மாறாது, உதடு அசையாது. "லாய்டு. தானியக் கிடங்கு எரிஞ்சுபோச்சு." இவர் உடனே, "என்ன லாய்டு, புதுக் கிடங்கு கட்டியாச்சா?" என்பார். லாய்டு உருகிப்போவார். பாதித் தேர்தலை ஜெயித்துக் கொடுத்தது அந்த முணுமுணுப்பு. கைதட்டல் மட்டும் முழுசாக இவருக்கு.

தூதர் பதவி வந்ததும் ஆர்டிஸும் கூடப் போனாள். இந்த வசந்தத்தில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது, மகள் சிக்ரிட் பறந்து வந்து ஊருக்குக் கூட்டிப் போனாள். "ஜூலை நாலு முடியட்டும், வந்துடறேன்," என்றார் ஹால்வர். சுதந்திர தின வரவேற்பு தூதரகத்தின் பெரிய நாள். விடுப்புக் கேட்டால் கொடுத்திருப்பார்கள். அவர் கேட்கவில்லை. இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

அன்றைக்கு விருந்தினர் வரிசையில் நின்றபோது உதவியாளர் வந்து, மகள் போனில் காத்திருப்பதாகச் சொன்னார். அமைச்சர் ஒருவர் அப்போதுதான் படியேறிக்கொண்டிருந்தார். "வரிசை முடிஞ்சதும் பேசறேன்னு சொல்லுங்க," என்று அனுப்பிவிட்டார் ஹால்வர். முடித்துவிட்டுப் போய்ப் போனை எடுத்தார்.

"அம்மா போயிட்டாங்க," என்றாள் சிக்ரிட். "காதுல போனை வச்சுக்கிட்டே காத்திருந்தாங்க."

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவே இல்லை. கல்லறையில்கூடத் தள்ளித்தான் நின்றாள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று காலையிலிருந்து அவர் ஏங்கிக்கொண்டிருந்தார்.

"என்னைத் தெரியுதா கவர்னர்?" கிழவர் இன்னும் கையை விடவில்லை.

"ஆர்வில்," என்றது இடது தோளுக்குப் பின்னால் ஒரு குரல். "அம்மா படுத்திருந்தப்போ வீட்டுப் புல்லை வெட்டிக் கொடுத்தவர்."

சிக்ரிட். ஆர்டிஸின் அதே தணிந்த குரல்.

"ஆர்வில், உங்களை மறப்பேனா? புல்லு வெட்டிக் கொடுத்தீங்களே."

"பாரு, கவர்னர் மாறவே இல்ல," என்று கிழவர் மனைவியிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"டோனா. வலி வந்தா இவங்கதான் கூட இருப்பாங்க." "கிளாரன்ஸ். அம்மா ஆசைப்பட்டாங்கன்னு ஆத்து மீன் பிடிச்சுட்டு வந்தார்." பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. தான் செய்திருக்க வேண்டியதையெல்லாம் யார் யாரோ செய்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னார்.

வரிசையில் சற்று இடைவெளி விழுந்தபோது, திரும்பாமலே கேட்டார்: "அப்பா மேல கோவம் போயிடுச்சாம்மா?"

"அம்மா சொல்லிட்டுப் போனாங்க. 'உங்கப்பா அந்த வரிசையில தனியா நின்னா தவிச்சுப்போவாரு, நீ பின்னாடி நில்லு'ன்னு. அதான் நிக்கறேன்."

ஆர்டிஸுக்குக் கடைசியில் வந்த கவலை அதுதான். ஹால்வருக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் அடுத்த கை வந்துவிட்டது.

கடைசி ஆளும் போனார். பெண்கள் மேசைகளைத் துடைக்க ஆரம்பித்தார்கள். ஹால்வர் திரும்புவதற்குள் சிக்ரிட் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். வரிசையில் வந்த மற்றவர்களைப் போலவே கையை நீட்டினாள். அவள் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"நான் சிக்ரிட். ஆர்டிஸோட மக."

அவளை இழுத்துக் கட்டிக்கொள்ளத்தான் அவர் மனசு துடித்தது. ஆனால் பழகிய கை முந்திக்கொண்டது. அவள் கையைப் பற்றிக் குலுக்கினார். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது:

"வந்ததுக்கு ரொம்ப நன்றி."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. சிக்ரிட் தலையை ஆட்டினாள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, மற்றப் பெண்களோடு காப்பிக் குவளைகளைக் கழுவப் போனாள்.