பின்கதவு இல்லாத குவார்ட்டர்ஸ்

1.
இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. பக்கத்து வீட்டு மேசையிலிருந்து எடுத்துக்கொண்டேன். மேசைக்காரரிடம் கேட்கவும் இல்லை. முதல் வரியாக எழுதிப் பார்த்தது இது: ‘மைசூரில் மழை விடாமல் பெய்த ஒரு ஜூலையில், மகளை இழந்த தகப்பன்—’

வேண்டாம். மழையைத் துணைக்குக் கூப்பிட்டு வாசகரை அழவைப்பது சோம்பேறி வேலை.

2.
சேகரன் ரயில்வே ஃபிட்டர். நானும் ரயில்வேதான், குமாஸ்தா. எங்கள் குவார்ட்டர்ஸ் இரண்டுக்கும் நடுச்சுவர் ஒன்றே. லீவு நாளில் அவர் மேசையில் குட்டி ரயில் ஓடும். தண்டவாளத்தை ஒட்டிய கட்டடங்களை அவரே வெள்ளை பிளாஸ்டிக் தகட்டில் செய்வார். இப்போது செய்துகொண்டிருப்பது எங்கள் இரண்டு வீடுகளை.

“தகட்டுல ஓட்டை போட்டா மூலையெல்லாம் பிசிறடிக்கும் சார். மொதல்ல கதவு ஜன்னலுக்கு எடம் விட்டுட்டு, சுத்திப் பட்டை பட்டையா ஒட்டிச் சுவர எழுப்பணும். அப்பதான் நீட்டா வரும்.”

(அதாவது, கதவு எங்கே என்று முடிவான பிறகுதான் சுவர். இந்த ஒரு விவரத்துக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன் என்று முதலில் நம்பினேன்.)

3.
பின்சுவர் முடிந்த அன்று அவர் மனைவி மாதேவி காபியோடு வந்தார். மைசூருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் பிறந்த ஊரான கொள்ளேகாலின் கொங்குப் பேச்சு மாறாதவர்.

“ஏனுங்க, நம்மூட்டுப் பின்கதவு எங்கீங்க?”

“மறந்துட்டேன்.”

“மறக்கலீங்க. வெக்க மனசு வல்ல உங்களுக்கு. வைஷாலி அதத்தானே தட்டுனா?”

போன வருஷம், ஒரு மத்தியானம். புருஷன் அடிக்கிறான் என்று பையோடு வந்தாள் மகள். காலனி பார்க்கக் கூடாதென்று பின்பக்கமாக வந்தாள். ‘அங்கேயே இருந்து சமாளி’ என்று உள்ளிருந்தே சொன்னார் சேகரன். மாதேவியையும் திறக்க விடவில்லை. மூன்று மாதம் கழித்து அவளைப் பிணமாகத்தான் பார்த்தார்கள்.

“இப்ப வெட்டுனா பிசிறடிக்கும், மாதேவி.”

“அடிக்கட்டுங்க. கதவில்லாம இத ரயிலுக்குப் பக்கத்துல வெச்சீங்கன்னா, நான் எங்கண்ணன் ஊட்டுக்கே போயிருவேன்.”

4.
முடிவுகள்:

(அ) சேகரன் வெட்டுகிறார். மூலை கிழிகிறது. இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பத்திரிகைக்குப் பிடிக்கும். எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

(ஆ) வெட்டவில்லை. மாதேவி கொள்ளேகால் பஸ் ஏறுகிறார். அன்று கணவரை மீறாதவர் இன்று மீறுவாரா என்று எனக்குச் சந்தேகம். (சந்தேகப்பட நான் யார்?)

(இ)

5.
மூன்றாவதை எழுதாமலே தள்ளிக்கொண்டு வந்தேன். அந்த மத்தியானம் வைஷாலி அடுத்துத் தட்டியது என் பின்கதவை. “அங்கிள், ஒரு நிமிஷம்” என்றாள். அடுத்த வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று டிவி சத்தத்தைக் கூட்டினேன். இது சேகரனுக்குத் தெரியாது. மாதேவிக்கும் தெரியாது.

நேற்று சேகரன் என்னைக் கூப்பிட்டார். மேசையில் அவர் வீட்டுப் பின்சுவர் அப்படியே இருந்தது, மேலே கத்தி. என் வீடு முழுதாக முடிந்திருந்தது. பின்வாசல் பிசிறே இல்லை. கதவைத் திறந்தபடி ஒட்டியிருந்தார்.

“சும்னே, சும்மாதான் கேக்கறேன் சார். அவ உங்க வீட்டுக்கு வந்திருந்தா நீங்க தெறந்திருப்பீங்கதானே?”

‘சேகரன், அன்னிக்கு அவ—’

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை, நீங்கள் முடியுங்கள். என்னை மட்டும் காப்பாற்றிவிடாதீர்கள்.