கண்ணாடியில் இல்லாத நோலீன்

1

இந்தக் கதை ஒரு தகராறில் பிறந்தது. ஆஸ்திரேலியாவில் செடூனா பக்கத்தில், கேரவனோடு ஊர் சுற்றுகிறவர்கள் தங்கும் ஒரு பூங்கா. காருக்குப் பின்னால் கேரவன் என்கிற சக்கரவீட்டை இழுப்பவனுக்குப் பின்கேமரா துணையா தொந்தரவா என்று நாலு கிழவர்கள் பீரும் கையுமாக மல்லுக்கு நின்றார்கள். ஐந்தாமவர் மட்டும் வாயே திறக்கவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவருக்கு டெஸ் என்று பெயர் வைத்து, மிச்சத்தை இட்டுக்கட்டுகிறேன்.

2

(முதல் தொடக்கம்: "கேமரா என்பது முதுகில் முளைத்த கண்." அடித்துவிட்டேன். மேடைப்பேச்சு.)

டெஸ்ஸுக்கு எழுபத்தொன்று. அவர் கேரவனைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் மனைவி நோலீன் வாக்கி டாக்கியோடு இறங்கி நின்று வழி சொல்வாள். முப்பது வருடமாக ஒரே சட்டம்தான்: அவள் முகம் தெரியாவிட்டால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். போன மாதம் மகள் கேரவன் முதுகில் ஒரு கேமராவும், ஸ்டியரிங் பக்கத்தில் அதற்கொரு திரையும் மாட்டிக் கொடுத்தாள்.

"இனிமே நான் எதுக்கு? அந்தப் பொட்டியையே கட்டிக்கோ," என்றாள் நோலீன்.

"அது கத்தாதுல்ல, அதான் யோசிக்கிறேன்."

"நான் கத்தலேன்னா போன வருஷமே நீ கக்கூஸ் சுவத்துக்குள்ள போயிருப்ப."

சிரித்துக்கொண்டேதான் இறங்கினாள்.

3

மாலை நாலு மணி, நல்ல வெளிச்சம். டெஸ் பின்கியர் போட்டார். திரையில் நோலீன் நின்றாள், வா என்பதுபோல ஒரு கையைத் தூக்கியபடி. பக்கக் கண்ணாடியில் அவள் இல்லை. முகம்தான் திரையில் தெரிகிறதே என்று டெஸ் நினைத்தார். சட்டத்தை மீறுவதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

வாக்கி டாக்கி கரகரத்தது. "டெஸ்..." அப்புறம் ஒன்றும் இல்லை.

(முதல் பிரதியில் இந்த இடத்தில், கேமரா ஒயர் குலுங்கிப் படம் உறைந்துவிட்டது என்று எழுதியிருந்தேன். இரண்டாம் பிரதியில் பார்த்தால் அவள் கை அசைகிறது. அதை நான் எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.)

பின்னால் மெத்தென்று ஏதோ தட்டியது. டெஸ் பிரேக்கை

4

முதல் முடிவு: தட்டியது குப்பைத்தொட்டி. தரையில் கிடந்த தண்ணீர்க்குழாயை ஓரமாகப் போடப் போன நோலீன், திரும்பி வந்து டெஸ்ஸின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுகிறாள். எனக்கும் இதுதான் ஆசை. ஆனால் இவ்வளவு நேரமாகியும் திட்டுச் சத்தம் வரவில்லை.

இரண்டாம் முடிவு: குழாயை எடுக்கக் குனிந்தவள்

(முடியவில்லை.)

டெஸ் இன்னும் வண்டியைவிட்டு இறங்கவில்லை. நான் எழுதினால்தான் அவர் இறங்க முடியும். திரையில் நோலீன் பொறுமையாகக் கையசைத்து, இன்னும் கொஞ்சம் வா என்கிறாள். அவர் கால் பிரேக்கிலிருந்து மெல்ல எழுகிறது. யாராவது பின்னால் போய்ப் பாருங்கள். நான் வரமாட்டேன்.